அட்டவணையில் அம்மாவின் நேரம் எங்கே?

(தென்காசி மாவட்டத்தில் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்காக நடைபெற்ற ஒருநாள் கலந்துரையாடலில் அரசு நடுநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



‘சிறு குழந்தைகளுக்கு வீட்டில் கற்பித்தல்: வளைந்து கொடுக்கும் ஒரு திட்டம்’ என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. படித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. வராத பிள்ளையை வீடு தேடிப் போய்க் கூட்டிவருவது நம் வேலை. நம்மையே வீட்டுக் கல்வி பற்றிப் பேசச் சொல்கிறார்களே என்று நினைத்தேன். ஆனால் கடந்த ஆண்டுகளில் ஒரு வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும். அதை மட்டும்தான் சொல்லப் போகிறேன். கருத்தரங்க உரையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவள். பணியில் இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.எட். முடித்தேன். நாற்பது நிமிடப் பாடவேளைக்கு ஊக்குவித்தல், அறிமுகம், வலுவூட்டல், மதிப்பீடு என்று கட்டம் போட்டு எழுதுவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இந்தக் கதையில் முதலில் தோற்றது.

2023 ஜூனில் என்னிடம் இரண்டாம் வகுப்பு. 18 பிள்ளைகள். அதில் ஒரு பெண் குழந்தையின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். பெரியவள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அவளுக்கு நாலு வயதில் ஒரு தம்பி உண்டு. அவன் சின்னவன். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். அப்பா கட்டட வேலைக்குக் கேரளா போய் வருபவர். கூட ஆச்சி இருக்கிறார், அப்பாவைப் பெற்றவர்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை பெரியவள் முகம் வீங்கி வந்தாள். கண் இமை தடித்திருந்தது. இரவெல்லாம் கொசு கடித்திருக்கும் என்று ஆச்சி சொன்னதை நானும் நம்பினேன். மறுநாள் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். நெஃப்ரோடிக் சின்ட்ரோம் என்றார் மருத்துவர். சிறுநீரகம் உடம்பின் புரதத்தைச் சிறுநீரில் கசிய விட்டுவிடுகிறது, அதனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்று அந்த அம்மா பிறகு எனக்கு விளக்கினார். நான் அறிவியல் பாடத்தில் சிறுநீரகத்தைப் பலகையில் வரைந்திருக்கிறேன். அவர் சொன்ன அளவுக்குத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்த நோய் சிறு வயதில் வருகிறது. ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பெரும்பாலும் கட்டுப்படுகிறது. ஆனால் ஒரு சளி, ஒரு காய்ச்சல் வந்தால் திரும்பி வந்துவிடும். அது தெரியாமல் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வீட்டிலேயே தினமும் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் குழாயில் எடுத்து, அமிலச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கலுக்கு ஏற்ப ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், தயிர் போலத் திரிந்தால் மூன்று, நான்கு. தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் வந்தால் உடனே மருத்துவமனை. எட்டாம் வகுப்பு வரை படித்த அந்த அம்மா ஒரு சிவப்பு அட்டை நோட்டில் கட்டம் போட்டு, தேதி, எடை, சிறுநீர், மாத்திரை என்று ஒரு நாள் தவறாமல் எழுதி வந்தார். நம்மில் எத்தனை பேர் பாடக்குறிப்பேட்டை அப்படி எழுதுகிறோம் என்று கேட்க மாட்டேன். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன்.

ஆகஸ்டில் தேறிப் பள்ளிக்கு வந்தாள். ஸ்டீராய்டால் கன்னம் உப்பி, முகம் வட்டமாகியிருந்தது. பிள்ளைகள் ‘பன்னு மூஞ்சி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. செப்டம்பரில் வகுப்பில் நான்கைந்து பேருக்குச் சளி. பெரியவளுக்கும் வந்தது. நோட்டில் மூன்று பிளஸ். மறுபடியும் மருத்துவமனை.

அடுத்த வாரம் அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். “டீச்சர், டி.சி. கொடுத்துருங்க. ரெண்டு பிள்ளைகளையும் வீட்ல வச்சே படிக்க வச்சுக்கிடுதேன்” என்றார். யாரோ வெளியூர் உறவினர் அவருக்கு ‘ஹோம் ஸ்கூலிங்’ பற்றிச் சொல்லியிருக்கிறார். அது பெரிய இடத்து விஷயம் என்று நினைத்திருந்தேன். பீடி சுற்றும் வீட்டிலிருந்து அந்தச் சொல் வந்தபோது சங்கடமாக இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். டி.சி. கொடுத்துவிட்டால் என் வகுப்பின் வருகைச் சதவீதம் சரியாகிவிடும் என்ற எண்ணம் ஒரு நொடி எனக்குள் வந்துபோனது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அன்று மாலை உட்கார்ந்து பார்த்தேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைக்கு அருகமைப் பள்ளியில் இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. 2012இல் வந்த திருத்தம், பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள குழந்தைகள் வீடு சார்ந்த கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் அவர்களுக்குச் சிறப்பாசிரியர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். நம் வட்டாரத்திலும் போகிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் பெரியவள் அந்தப் பட்டியலில் வர மாட்டாள். அவள் மாற்றுத்திறனாளி இல்லை. நல்ல நாளில் ஓடியாடும் பிள்ளை. பள்ளியை முழுக்க விட்டு வீட்டிலேயே படிப்பவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகள் உண்டு. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், அதற்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். இதெல்லாம் ஏழு வயதுப் பிள்ளையின் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு எந்த வழியும் சொல்லவில்லை. சீக்காளிப் பிள்ளை, சில வாரம் வரும், சில வாரம் வராது. அதற்கென்று ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

தலைமையாசிரியரிடம் பேசினேன். பெயரை எடுப்பதில்லை, மருத்துவச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது, வராத நாட்களுக்குப் பாடத்தை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம். அந்த அம்மாவிடம், “டி.சி. வாங்கினா புத்தகம், சீருடை, சாப்பாடு எல்லாம் போயிரும்மா. பேரு இங்கேயே இருக்கட்டும். வீட்ல படிக்க நான் திட்டம் போட்டுத் தாரேன்” என்றேன். அவர் நம்பினார்.

நான் போட்ட திட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சார்ட் அட்டையில், ஸ்கெட்ச் பேனாவில், காலை 9.30 தமிழ், 10.10 கணக்கு, 10.50 இடைவேளை, 11.00 ஆங்கிலம், பிற்பகல் சூழ்நிலையியல், கடைசியில் ஓவியம். சின்னவனுக்குத் தனியாக ஒரு பத்தி, எழுத்து அறிமுகம், எண் அறிமுகம். அதைச் சுவரில் நானே ஒட்டிவிட்டு வந்தேன். எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல், கதை அட்டைகள் எல்லாம் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் பள்ளியை நிறுவிவிட்டதாகவே எனக்கு நினைப்பு.

பத்து நாள் கழித்துப் போனேன். வீட்டுக்குள் நுழையும்போதே பெரியவள் ஆச்சியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பயிற்சி நூலில் நாலு பக்கம் முடிந்திருந்தது. அதுவும் அம்மாவின் கையெழுத்து. அந்த அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் இலையைச் சுருட்டிக்கொண்டே பேசினார். வழக்கமாகச் சுற்றும் எண்ணிக்கையில் பாதிதான் வருகிறதாம். பீடிக் கடையில் பேச்சு கேட்க வேண்டியதாகிவிட்டதாம். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “நேத்து அடிச்சுட்டேன் டீச்சர். மாத்திரை போட்டா அதுக்குக் கிறுக்குப் பிடிச்ச மாதிரி வருது, பசின்னு கத்துது, உக்கார மாட்டேங்குது. 10.10க்குக் கணக்குன்னு போட்டிருக்கேன்னு நானும் இழுத்து வச்சு உக்கார வச்சேன். அடிச்சுட்டேன்.”

நான் எதுவும் பேசவில்லை. அவர் சுவரைப் பார்த்தார்.

“இதுல எனக்குப் பீடி சுத்த நேரம் எங்க போட்டிருக்கீங்க டீச்சர்?”

வீட்டுக் கல்வி பற்றி யார் எந்தப் பயிற்சியில் பேசினாலும் எனக்கு இந்த ஒரு கேள்விதான் ஞாபகம் வரும். குழந்தை வீட்டில் படிக்க வேண்டும் என்றால், வீட்டில் இருப்பவரின் நாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் பள்ளியின் நாளைக் கொண்டுபோய் அந்த வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். கொரோனா காலத்திலும் நாம் இதைத்தானே செய்தோம்? 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. அதுவரை கல்வித் தொலைக்காட்சி நேரத்தையும் வாட்ஸ்அப் பயிற்சித்தாளையும் அனுப்பிக்கொண்டே இருந்தோம். அந்த நேரத்தில் அந்த வீட்டில் யார் இருந்தார்கள், செல்பேசி யாரோடு வேலைக்குப் போயிருந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்?

சார்ட்டைக் கிழித்து மடித்துப் பையில் வைத்தேன். “உங்க நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க” என்று சிவப்பு நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மாதக் கணக்கு அதில் இருந்தது. உட்கார்ந்து பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. நான் தேடிய திட்டம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. அந்த அம்மா தினமும் காலையில் ஏழு மணிக்கே, இன்று எப்படிப்பட்ட நாள் என்று தெரிந்துகொள்கிறார். நான்தான் அதைக் கேட்காமல் எல்லா நாளும் ஒரே நாள் என்று கட்டம் போட்டிருக்கிறேன்.

அன்று இருவரும் சேர்ந்து மூன்று வகை நாள் பிரித்தோம். பெயர் வைத்தது அவர்தான். தெளிஞ்ச நாள், கலங்கின நாள், ஆஸ்பத்திரி நாள். தெளிந்த நாளில் புதுப்பாடம் படிக்கலாம், எழுதலாம். கலங்கிய நாளில் புதிதாக ஒன்றும் கிடையாது, எழுத்து வேலையும் கிடையாது. தெரிந்ததையே வாயால், விளையாட்டாக. முகம் வீங்கிச் சோர்ந்து கிடந்தால் அதுவும் வேண்டாம், ஆச்சி கதை சொல்ல, கேட்டால் போதும். மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாறியபோது, மாத்திரை இல்லாத நாளில்தான் உட்கார்கிறாள் என்பதை அந்த அம்மா நோட்டைப் பார்த்தே கண்டுபிடித்தார். உடனே எழுத்து வேலையை அந்த நாளுக்கு மாற்றிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் வேண்டியதில்லை.

மணிக்கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு வந்தோம். வாரத்துக்கு ஐந்து வேலை மட்டும் கொடுப்பேன். ஒரு பக்கம் வாசிப்பது, அதைத் திருப்பிச் சொல்வது, ஒரு கணக்கு விளையாட்டு, நாலு வரி எழுதுவது, வீட்டில் ஒன்றைக் கவனித்துச் சொல்வது. எந்த வேலை எந்த நாள் என்பது அம்மா பாடு. ஐந்தில் மூன்று நடந்தால் போதும் என்று சொல்லிவைத்தேன். மீதி இரண்டு அடுத்த வாரம் வராது, அப்படியே விட்டுவிட வேண்டும். பாக்கி சேர்ந்துகொண்டே போனால் எந்த அம்மாவும் மூன்றாவது வாரம் நோட்டை மூடிவிடுவார்.

இவ்வளவு குறைத்தால் பாடம் முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பயந்தேன். அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம் என்கிறது. நாளுக்கு 4 மணி. அது வகுப்புக்கு. என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு பக்கம் வாசிக்க, நான் பக்கத்தில் நின்று கேட்டுத் திருத்த 3 நிமிடம். 18 பேருக்கு 54 நிமிடம். வீட்டில் அது 3 நிமிட வேலைதான். தெளிந்த நாளில் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் கவனமாகப் போனால் அந்த வயதுக்கு அது சின்ன விஷயமில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு பேசி, பார்த்து, சண்டை போட்டுக் கற்பதை வீடு தராது. அதை நான் எந்த அட்டவணையிலும் ஈடு செய்யவில்லை, செய்ய முடியும் என்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, அம்மாவின் வேலை நேரம். பீடி சுற்றும்போது கையும் கண்ணும்தான் வேலையில் இருக்கின்றன. வாயும் காதும் சும்மாதான். அதனால் வாய்மொழியான எல்லாம் அந்த நேரத்துக்குப் போனது. பிள்ளை வாசிக்க அம்மா கேட்பது, விடுகதை, வாய்ப்பாடு, முதல்நாள் கதையைத் திருப்பிச் சொல்வது. எழுதுவதைப் பார்க்க வேண்டிய வேலை மட்டும், இலையை நனைத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்துக்கு. பீடி 25 கொண்ட கட்டு என்பதால் இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணச் சொல்லலாமே என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. நல்ல கணக்குப் பாடம்தான். ஆனால் அந்தத் தூளில் பிள்ளை கை வைக்கக் கூடாது, எண்ணுகிற பிள்ளை நாளைக்குச் சுற்றுகிற பிள்ளை ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். தெருப்பக்கத் திண்ணையில், தூள் பறக்காத இடத்தில் பாய் போட்டுப் படிக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கணக்குக்கு வேறொன்று கிடைத்தது. மாத்திரை அட்டை. பத்துக் குழி கொண்ட காலி அட்டைகள் அந்த வீட்டில் நிறையச் சேர்ந்திருந்தன. ஓரம் கையைக் கிழிக்காமல் அம்மா செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தார். முழு அட்டை ஒன்று பத்து. சில அட்டைகளைக் குழி குழியாக வெட்டினால் ஒன்றுகள். 27உடன் 15ஐக் கூட்டு. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு துண்டு. பத்துத் துண்டைக் கொடுத்து ஓர் அட்டையை வாங்கிக்கொள். வகுப்பில் குச்சிக் கட்டு வைத்து மூன்று நாள் நடத்தியும் புரியாத இனமாற்றம், அவளுக்கு ஓர் உட்காரலில் புரிந்தது. இரண்டு அட்டையும் நாலு மாத்திரையும் இருக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் எப்போது வாங்கப் போகணும் என்று அவளே கணக்குச் சொல்ல ஆரம்பித்தாள். நோயைப் பிள்ளையிடமிருந்து மறைத்துப் பேசிக்கொண்டிருந்த வீடு அது. கணக்கு வழியாக அவள் தன் வைத்தியத்துக்குள் வந்துவிட்டாள். நான் திட்டமிட்டதில்லை.

மாத்திரை இருக்கும் அட்டையைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தோம். சின்னவன் எதையும் வாயில் போடுகிறவன்.

ஆஸ்பத்திரி நாளுக்குத் தனியாக ஒரு மஞ்சள் பை. ஒரு சிலேட்டு, இரண்டு கதை அட்டை, ஒரு சின்ன நோட்டு. அந்தப் பையை நான் பெரிதாக நம்பவில்லை. ஆனால் பேருந்துப் பயணமே பாடமாகிவிட்டது. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் வரும் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு போவது. பாவூர்சத்திரம், ஆலங்குளம், மாறாந்தை, சீதபற்பநல்லூர். நான் தேடிப் பிடித்திருந்தால்கூட இப்படி ஒரு சொல் பட்டியல் அமைந்திருக்காது. ஆலங்குளத்தில் லகரமும் ளகரமும் பக்கத்தில் பக்கத்தில். சீதபற்பநல்லூரில் ற்ப. பாவூர்சத்திரம் அவளுக்கு ஒரு மாதம் ‘பாவுர்சத்திரம்’தான். திரும்பி வந்து நோட்டில் எழுதுவாள், அடுத்த பயணத்தில் பலகையைப் பார்த்து அவளே திருத்துவாள். நான் சிவப்பு மை போட வேண்டிய வேலை இல்லாமல் போனது.

சின்னவன் பற்றிக் கேட்பீர்கள். அவனுக்கு நான் போட்ட ‘எழுத்து அறிமுகம்’ பத்தியைத்தான் முதலில் அழித்தேன். காலையில் அங்கன்வாடி போவான். வந்ததும் அக்காவைச் சுற்றியே இருப்பான். அவள் வாசிப்பதைக் கேட்டு, அடுத்த வரியை இவன் முந்திச் சொல்வான். இவனுக்கு எழுத்து தெரியாது, மனப்பாடம். பெரியவள் டீச்சராகி இவனை உட்கார வைத்துக் கதை அட்டையைப் படித்துக் காட்டினாள். கலங்கிய நாளில்கூட அதை மட்டும் விட மாட்டாள். படி என்றால் படுத்துக்கொள்கிற பிள்ளை, சொல்லிக்கொடு என்றால் எழுந்து உட்காருகிறாள். வகுப்பில் நாம் கேட்டுத் திருத்துவதைவிட, கேட்கிறவன் “அப்புறம்?” என்று கேட்பது பெரிய வேலை செய்கிறது. அதனால் ‘சின்னவனுக்கு ஒரு கதை படித்தாயிற்று’ என்பதையே அவளுக்கான வாசிப்பு மதிப்பீடாக வைத்துக்கொண்டேன். நாலு வயதுக்கு அவன் அ, ஆ எழுதவில்லை என்று ஆச்சிக்குக் கவலை. இலை, கொடி, சுழி, வாசலில் ஆச்சி போடும் கோலப்புள்ளி, இதை எல்லாம் கிறுக்கட்டும், கைக்குப் பலம் வரட்டும் என்றேன். ஆச்சி அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார்.

எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். “உனக்கு 18 பிள்ளை, எங்களுக்கு 40” என்று பின்வரிசையில் யாரோ நினைப்பது எனக்குக் கேட்கிறது. சனிக்கிழமை ஒருமுறை வீட்டுக்குப் போவேன், அரை மணி நேரம். அதே தெருவில் இருக்கும் நாலாம் வகுப்புப் பையன் வெள்ளிக்கிழமை பையைக் கொண்டுபோவான், திங்கட்கிழமை கொண்டுவருவான். பக்கத்துத் தெருவில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் ஒருவர் இருந்தார். மாலை மையம் முடிந்து போகிற வழியில், வாரத்தில் இரண்டு நாள் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவார். சளி பிடித்த நாளில் மட்டும் வர மாட்டார், அது எங்களுக்குள் ஒப்பந்தம். நான் தனியாகச் செய்தேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் விடுப்பில் இருந்த வாரங்களில்கூடப் பை போய்வந்தது.

அந்தப் பையில் இன்னொன்றும் போனது. ‘பன்னு மூஞ்சி’ என்று சொன்ன வகுப்பிடம் நான் அறவுரை எதுவும் சொல்லவில்லை. மருந்து முகத்தை ஏன் உப்ப வைக்கிறது, மருந்து குறைந்தால் முகம் எப்படித் திரும்பும் என்று அந்த அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு பாடமாக நடத்தினேன். பிறகு வாரம் ஒருவர் அவளுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றேன். இரண்டாம் வகுப்புக் கடிதம் எப்படி இருக்கும்? ‘நேற்று சுண்டல் போட்டார்கள். நீ வந்தால் உன் இடத்தில் நான் உட்கார மாட்டேன்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். பெயர் வைத்தவனே அவன்தான். பதில் வந்தது, மூன்று வரியில். அந்த மூன்று வரிக்காக அவள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்ததாக அம்மா சொன்னார். என் பயிற்சி நூலுக்கு அவள் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழை உங்களில் யாருக்கும் மறந்திருக்காது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் முடங்கிக் கிடந்த அந்த நாட்களில், என் வகுப்பில் கையில் திட்டம் இருந்த ஒரே பிள்ளை பெரியவள்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் அவள் திண்ணையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நோட்டில் அந்த வாரம் எல்லாம் தெளிந்த நாள். பேருந்து ஓடாத நேரத்தில் கலங்கியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று அந்த அம்மா பிறகு ஒருமுறை கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஜனவரியில், பொங்கல் கழித்து, பள்ளிக்கு வந்தாள். நீர் தெளிந்துவிட்டால் பள்ளிக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அம்மாவுக்குத்தான் பயம். முதல் வாரம் அரை நாள், ஜன்னல் ஓரம், சளி உள்ள பிள்ளை பக்கத்தில் இல்லாமல் என்று பேசிக்கொண்டு வரவைத்தோம். சத்துணவு அமைப்பாளரிடம் உப்பு குறைக்க வேண்டிய விவரத்தைச் சொன்னோம். வாசிப்பில் அவள் பின்தங்கியிருப்பாள் என்று எண்ணி மொட்டு நிலைக்கான பயிற்சியை எடுத்து வைத்திருந்தேன். மலர் நிலைப் பகுதியை எடுத்துத் தானாகவே வாசித்தாள். சின்னவனுக்கு வாசித்த பழக்கத்தில், குரலை ஏற்றி இறக்கி வாசித்தாள். எழுத்தில் பின்தங்கித்தான் இருந்தாள். பென்சில் பிடித்து ஒரு பக்கம் எழுதினால் கை வலிக்கிறது என்பாள். ஆங்கிலம் ஏறக்குறைய தொடவே இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாம் நன்றாக முடிந்த கதை போல ஆகிவிடும்.

முடிந்துவிடவும் இல்லை. மார்ச்சில் ஒரு காய்ச்சல், மறுபடியும் மூன்று பிளஸ். முதல் தடவைபோல் யாரும் பதறவில்லை. அன்று காலையிலேயே நாலாம் வகுப்புப் பையன் வந்து, “டீச்சர், ஆஸ்பத்திரி நாளாம், பை கேட்டாங்க” என்று நின்றான்.

அந்தச் சிவப்பு நோட்டில் இப்போது ஐந்தாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. தலைப்பு ‘படிப்பு’. ஒரு சொல்தான் எழுதியிருப்பார்: ‘வாசிச்சா’, ‘கதை’, ‘ஒண்ணுமில்ல’. ‘ஒண்ணுமில்ல’ என்று எழுத அவருக்கு ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. அதையும் எழுதுங்கள், அது இல்லாவிட்டால் இந்த நோட்டு எனக்கு உதவாது என்று சொல்லித்தான் எழுத வைத்தேன்.

நோட்டின் சில பக்கங்களை அந்த அம்மாவின் அனுமதியோடு நகல் எடுத்து வந்திருக்கிறேன். பெயரையும் மருத்துவக் கட்டங்களையும் மறைத்திருக்கிறேன். மதிய உணவுக்குப் பிறகு அந்த ஓர மேசையில் இருக்கும். உங்கள் பள்ளியில் இப்படி வந்தும் வராமலும் இருக்கும் பிள்ளை யாராவது இருந்தால், அந்த வீட்டில் யார், எந்த நேரத்தில், என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு மேசைக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.